பவளக்கொடியின் வாயிலிருந்து வந்த பியானோ

வெள்ளூரணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் இருளப்பன் மேல் மஞ்சள் பஸ் ஏறிய மறுநாள் காலை ஆறு மணிக்கு, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்வதற்காக அறிவிப்பாளர் பவளக்கொடி வாயைத் திறந்தபோது, அதிலிருந்து சொல் வரவில்லை, பியானோ வந்தது.

வெள்ளூரணி பியானோ இல்லாத ஊர். நாதஸ்வரம் உண்டு, தவில் உண்டு, மாதா கோயிலில் காற்று ஒழுகுகிற ஒரு ஹார்மோனியம் உண்டு, கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு வந்துபோகிற கீபோர்டு உண்டு, பியானோ மட்டும் கிடையாது. பவளக்கொடியே அதைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. பஸ் ஸ்டாண்டின் நடுவில், டிக்கெட் கவுண்டருக்கு மேலே, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாக அவள் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேடசந்தூர் வழி கரூர், நத்தம் வழி மதுரை, ஒட்டன்சத்திரம் வழி பழனி என்று அவள் சொல்லும்போது அந்த ஊர்களில் எல்லாம் ஏதோ நல்லது நடந்துகொண்டிருக்கிறது போலத் தோன்றும் என்று பிரயாணிகள் சொல்வார்கள். கீழே தகரக் கொட்டகையில் பஸ்கள் புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்த இருளப்பனை அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். அவரும் தினம் பத்து மணிக்குத் தன் டீயோடு அவளுக்கும் ஒன்று சொல்லி மேலே அனுப்புவார். நிமிஷம் என்றால் நிமிஷம் என்று நிற்கிற மனுஷன் அவர்.

அவர் செத்த அன்று, தனியார் வண்டியான அந்த மஞ்சள் பஸ்ஸை ஒன்பது பத்துக்கு எடுக்க வேண்டியது. எடுத்தால் பின்னால் வருகிற ஒன்பதே கால் அரசு பஸ்ஸுக்குக் கூட்டம் கிடைக்கும், எடுக்காமல் இழுத்தால் அந்தக் கூட்டமும் மஞ்சளுக்கே. டிரைவர் லீவு என்பதால் முதலாளியின் மகன் தயாபரனே ஸ்டியரிங்கில் இருந்தான். ஒன்பது பத்து ஆகிவிட்டது என்று இருளப்பன் வந்து சொன்னார். அவன் எடுக்கவில்லை. அடுத்த பஸ் உள்ளே வந்த பிறகு, ஒன்பது பதிமூன்றுக்கு, அவன் எடுக்கப் பார்த்தபோது இருளப்பன் முன்னால் போய் நின்று, கையைப் பஸ்ஸின் நெற்றியில் வைத்து, தாமதத்துக்கு உன் பேரை எழுதிக்கொள்ளாமல் விடமாட்டேன் என்றார். பக்கவாட்டில் நின்றவர்களுக்குப் பஸ் மறைத்தது, உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு குலுக்கல்தான் தெரிந்தது. டிரைவரின் முகமும் அவனுக்கு முன்னால் நின்றவரின் முகமும் ஒருசேரத் தெரிகிற இடம் அந்தப் பஸ் ஸ்டாண்டிலேயே ஒன்றுதான், அது பவளக்கொடியின் கூண்டு. தயாபரன் இருளப்பனை நேராகப் பார்த்ததை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அவன் பஸ்ஸை விட்டதைப் பார்த்தாள். பின்னால் எடுத்து மறுபடி முன்னால் விட்டதையும் பார்த்தாள். அப்போது அவள் கையில் மைக் இருந்தது, பழனி என்று பாதி சொல்லியிருந்தாள்.

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

சாயங்காலம் மஞ்சள் பஸ் முதலாளி அவள் வீட்டுக்கு வந்தார். தட்டில் ஆப்பிளும் மாதுளையும் இருந்தன. அவள் புருஷன் முத்துக்காளை அவருடைய இன்னொரு பஸ்ஸில் டிரைவர், அதனால் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முதலாளி மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீ மைக்குல ஆள் கூப்பிட்டுக்கிட்டு இருந்த தாயி. கீழ பாக்கலை. அம்புட்டுத்தான்" என்றார்.

பவளக்கொடி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் சரி என்று தலையசைத்தாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கூண்டுக்குள் ஏறி வந்து, "என்னம்மா பார்த்த?" என்று கேட்டபோது, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்ற சொற்களை அவள் நாக்கில் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். முதலில் ஒரே ஒரு சுரம், தண்ணீரில் விரல் தொட்டதுபோல. அதைத் தொடர்ந்து மேலே ஒரு பாட்டு, யாரோ ஜன்னலோரம் தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல, அதற்குக் கீழே அதைத் தாங்கிக்கொண்டு அலை அலையாக இன்னொரு கை. மைக் ஆன் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டின் பதினாறு ஒலிபெருக்கிகளிலும் அது போயிற்று. டீ மாஸ்டர் தூக்கி ஆற்றிய டீ டம்ளரில் விழாமல் அவர் முழங்கையில் விழுந்தது, அவருக்கு அது உறைக்கவில்லை. விசிலை வாயில் வைத்த கண்டக்டர் ஊதவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார், ஏன் கழற்றினார் என்று பிற்பாடு அவரால் சொல்ல முடியவில்லை. நடுவில் அந்தப் பாட்டு இருட்டிக்கொண்டு வந்தது, மேல் கை நின்றுபோய்க் கீழ்க் கை மட்டும் கனமாக நடந்தது. அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும், முந்தின நாள் ஊரிலேயே இல்லாதவர்கள்கூட, இருளப்பன் விழுந்த நாலாவது பிளாட்பாரத்தின் பக்கம் தலையைத் திருப்பினார்கள். பிறகு இருட்டு விலகி, முதலில் வந்த அதே பாட்டு இன்னும் மெதுவாக, முதுகைத் தடவிக் கொடுப்பதுபோலத் திரும்பி வந்தது. எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். முடிந்தபோது மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

எல்லாரையும்விட அதிகமாகத் திகைத்துப்போயிருந்தவள் பவளக்கொடி. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தொண்டையில் இருந்த சூட்டைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை முயன்றாள். முதலிலிருந்து அதே பாட்டு வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை. மதுரையில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாண்கள் அசையவே இல்லை, ஆனாலும் பியானோ கேட்கிறது என்று தன் நோட்டில் எழுதி, எழுதியதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் விபூதி போட்டார்கள், தர்காவில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், மாதா கோயிலில் எண்ணெய் தடவினார்கள். பேனாவைக் கொடுத்தால் அவள் கை மேல்நாட்டு இசைக்குறிபோல ஐந்து கோடு போட்டு அதில் புள்ளிகளை வைத்தது. சாப்பிட்டாயா என்றால் தலையாட்டினாள். அந்தக் காலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் கழுத்து மரம்போல நின்றுவிட்டது.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக் கொடுக்கிற எஸ்தர் டீச்சர் ஒருநாள் வெள்ளூரணியில் பஸ் மாறும்போது இதைக் கேட்டுவிட்டு, பெட்டியைக் கீழே போட்டுவிட்டு மாடியேறி வந்தாள். அவளுக்கு இந்தப் பாட்டு தெரிந்திருந்தது. நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் யாரோ ஒரு பெண் எழுதியது, பெயர் போடாமல் அச்சடித்தார்கள், மேடைக்காக எழுதியது இல்லை, வீட்டில் ஓர் அறையில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொள்ள எழுதியது என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னாள்.

"பாட்டுன்னா வார்த்தை எங்க டீச்சர்?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"இதுக்கு வார்த்தை கிடையாது. வார்த்தையால சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அந்தக் காலத்துல இப்படிச் சின்னச் சின்னதா எழுதினாங்க."

அந்தப் பதில் ஊருக்குப் பிடித்துப்போயிற்று. சொல்ல முடியாதது என்று ஒன்று இருக்கிறது, அது நம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது என்று அவர்கள் மற்ற ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டார்கள். நகராட்சி அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஊர்ப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள், அவள் அரைமணிக்கு ஒருமுறை மைக்கின் முன் வாயைத் திறந்தால் போதும் என்றார்கள். அந்த மூன்று நிமிஷத்தில் எந்த டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் புறப்பட வேண்டிய பஸ்கள் யாரும் சொல்லாமலே ஒவ்வொன்றாகப் புறப்பட்டன, நேரத்துக்காக நடந்த சண்டைகள் ஒரு வாரத்தில் ஓய்ந்து, டைம் கீப்பர் கொட்டகையில் வேறு ஆள் போடத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வந்தார்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு இருந்து கேட்டுவிட்டுப் போனார்கள். பாட்டு இருட்டும்போது நாலாவது பிளாட்பாரத்தைத் திரும்பிப் பார்ப்பதும், தெளியும்போது திருப்பிக்கொள்வதும், சாமி புறப்பாட்டில் கையெடுத்துக் கும்பிடுவதுபோல எல்லாருக்கும் பழகிவிட்டது. ஏன் திரும்புகிறோம் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

பவளக்கொடிக்கும் அது பழகியது. பொய் சொல்லவேண்டியிருக்கவில்லை, உண்மையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முத்துக்காளை வேலைக்குப் போய்வந்தான். ஜனங்கள் அவள் கூண்டின் படியில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் வாயை மூடிவிட்டு, மனசு லேசாக இருப்பதை உணர்ந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நாலாவது மாதம் ஜாமீனில் வெளியே இருந்த தயாபரன் ஒருநாள் வந்தான். தூணோரம் நின்று முழுவதையும் கேட்டான். இருட்டுகிற இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான், பாட்டு திரும்பி வந்தபோது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். அதைப் பார்த்த சிலர், பாவம், அவனும் மனுஷன்தானே என்றார்கள். அடுத்த நாளும் வந்தான். அதற்குப் பிறகு தினமும் வந்தான்.

அவன் அழுதான் என்ற செய்தி நூற்பாலையில் வேலை செய்துகொண்டிருந்த சீனியம்மாவின் காதுக்குப் போயிற்று. சீனியம்மா இருளப்பனின் மனைவி. விபத்து என்று எழுதியிருந்ததைக் கொலை வழக்காக மாற்றச் சொல்லி மனு மேல் மனு போட்டு, ஒருவழியாக மாற்ற வைத்திருந்தவள். புருஷன் செத்த அன்றிலிருந்து அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே வந்ததில்லை, ஆலைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனாள். அவள் ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு, பஞ்சு ஒட்டிய தலையோடு, கூண்டுக்குப் படியேறி வந்தாள். பவளக்கொடி எழுந்து, மதினி என்று சொல்ல வாயைத் திறந்தாள். பியானோ வந்தது. சீனியம்மா கண்ணாடியோரம் நின்று, கீழே அத்தனை தலைகளும் திரும்புவதையும் மறுபடி திருப்பிக்கொள்வதையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பிறகு. "ஒன்னு கேக்குறேன் பவளம். நடுவுல இருட்டிக்கிட்டு வருதே, அது எங்க வீட்டுக்காரர்தானே?"

பவளக்கொடியின் கழுத்து அசையவில்லை. கண்ணில் நீர் மட்டும் இறங்கியது.

"அதோட நிக்க மாட்டேங்குதே. முதல்ல வந்த பாட்டு திரும்ப வருது, தடவிக் குடுக்குது. அங்க எல்லாருக்கும் ஆறிப்போகுது. கொன்னவனுக்கே ஆறிப்போகுது. எனக்கு ஆறலை."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அன்று பவளக்கொடி அடுத்த அரைமணிக்கு மைக்கின் முன்னால் போகவில்லை. அதற்கடுத்த அரைமணிக்கு ஜனங்கள் கீழே கூடி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அவள் போனாள்.

பதினோராவது மாதம் கோர்ட்டில் அவளைக் கூப்பிட்டார்கள். தயாபரனின் வக்கீல் எழுந்து, பேச முடியாதவர் எழுதிக்காட்டலாம், சைகை காட்டலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, பியானோவுக்கு இடம் இல்லை என்றார். நீதிபதி வயதானவர், அந்த ஊருக்குப் புதிது, அவர் இன்னும் அதைக் கேட்டதில்லை. சாட்சி எதைச் சொல்ல வந்தாரோ அதைச் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்றுவிட்டு, "சம்பவத்தன்று என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

பவளக்கொடி வாயைத் திறந்தாள். நீதிபதியின் பேனா காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. தட்டச்சுக்காரி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற வேறு வழக்கின் கட்சிக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டு இருட்டத் தொடங்கியதும், கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும், நீதிபதியும் வக்கீல்களும் டவாலிச் சேவகரும், ஒன்றரை மைல் தள்ளி இருந்த பஸ் ஸ்டாண்டின் திசையில், காலண்டர் மாட்டியிருந்த வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்ற தயாபரன் மட்டும் திரும்பவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, தெளியப்போகிற இடத்துக்காகக் காத்திருந்தான். அவன் அப்படிக் காத்திருப்பதைச் சீனியம்மா பார்த்தாள்.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த டவாலியைத் தாண்டி, வக்கீல்களின் மேஜையைத் தாண்டி, சாட்சிக் கூண்டின் படியில் ஏறி, தன் உள்ளங்கையைப் பவளக்கொடியின் வாயில் வைத்து அழுத்தினாள்.

பியானோ நின்றது.

அது நடுவில் நின்று யாரும் கேட்டதில்லை. ஒரு வருஷமாக அந்த ஊர் பழகியிருந்த ஆறுதல் வரவேண்டிய இடத்தில் வெறும் ஃபேன் சத்தம் கேட்டது. மேஜையோரம் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருத்தி, முடியட்டும் விடும்மா என்று கெஞ்சுவதுபோலச் சொன்னாள். தயாபரன் கண்ணைத் திறந்தான், மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்தவன் முகம்போல இருந்தது அவன் முகம்.

நீதிபதி முதலில் பேச முயன்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, கையை எடுங்க" என்றார்.

"எடுக்குறேன் ஐயா. அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் வரக்கூடாது."

"வாயைப் பொத்திக்கிட்டா அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

"அது எனக்குத் தெரியலை ஐயா."

அவள் கையை எடுக்கவில்லை. டவாலி இரண்டு அடி முன்னால் வந்து, நீதிபதியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தக் கைக்குப் பின்னால், பாட்டின் மிச்சம் பவளக்கொடியின் பல்வரிசை வரைக்கும் வந்து நின்றது, பாகுபோல இனிப்பாக, வெளியே விட்டால் எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிடும்போல. சீனியம்மாவின் கை அவள் உதட்டில் இன்னும் அழுந்தியது. பஞ்சும் இயந்திர எண்ணெயும் மணக்கிற கை. பவளக்கொடி அந்த மிச்சத்தை விழுங்கினாள். அது கீழே இறங்க மறுத்தது, தொண்டையில் குறுக்கே நின்றது, கண்கள் பிதுங்கின, அவள் மறுபடி விழுங்கினாள், ஒரு கல்லை விழுங்குகிறவள்போலக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையும் விழுங்கினாள்.

சீனியம்மாவின் உள்ளங்கையில் ஒரு சொல் சுட்டது. "மதினி."

அவள் கையை எடுத்தாள்.

"பார்த்தேன் ஐயா" என்றாள் பவளக்கொடி. ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்தது, ஆனால் ஊர்ப்பெயர்களைச் சொன்ன அதே குரல். "ஒன்பது பத்து வண்டியை ஒன்பது பதிமூணு வரைக்கும் எடுக்கலை. அண்ணன் முன்னால போய் நின்னு வண்டி மேல கையை வெச்சாரு. இவரு அவரைப் பார்த்தாரு. நல்லாப் பார்த்தாரு. பார்த்துக்கிட்டேதான் விட்டாரு. அப்புறம் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பவும் விட்டாரு. பிரேக் பிடிச்சுது ஐயா, ரெண்டு தடவையும் பிடிச்சுது, நான் பார்த்தேன்."

தட்டச்சுக்காரி கைகளை மேலே எடுக்க மறந்திருந்தாள். நீதிபதி அவளைப் பார்த்த பிறகுதான் அடிக்கத் தொடங்கினாள்.

"அன்னிக்கு சாயங்காலமே இவங்க அப்பா பழத்தட்டோட வீட்டுக்கு வந்தாரு. பாக்கலைன்னு சொல்றதா நான் ஒத்துக்கிட்டேன். அதையும் எழுதிக்கங்க."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்துக்காளை எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தான்.

தயாபரனுக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று, மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். முத்துக்காளை இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறான். ஆனால் வெள்ளூரணியைத் திகைக்க வைத்தது தீர்ப்பு அல்ல. அவள் சாட்சி சொன்ன மறுநாள் காலை பதினாறு ஒலிபெருக்கிகளிலும் வேடசந்தூர் வழி கரூர் என்று வெறும் பேச்சு வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, வீட்டில் யாரோ இறந்த செய்தி கேட்டவர்கள்போல நின்றார்கள். பத்து நாளில் ஹாரன்கள் திரும்பின, நேரச் சண்டைகள் திரும்பின, கொட்டகையில் புது டைம் கீப்பர் வந்து உட்கார்ந்தார். டீ மாஸ்டர் பவளக்கொடியிடம் இரண்டு மாதம் பேசவில்லை. நீ முழுங்காமல் இருந்திருக்கலாம், கோர்ட்டில் வேறு எப்படியாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று காய்ச்சல் குழந்தையின் தாய் ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். நகராட்சி எஸ்தர் டீச்சரிடம் கேட்டு, அவள் வாசித்துப் பதிவு செய்துகொடுத்ததை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தது. சுரம் பிசகாமல் நன்றாகத்தான் இருந்தது. இருட்டுகிற இடத்தில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் சீனியம்மா நத்தத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போக, அந்த ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாகப் பஸ் ஏற வந்தாள். பவளக்கொடி மேலேயிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து, அவள் பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் பிளாட்பாரத்தின் பாதிவரை வந்திருந்தது.

"அந்தக் கடைசிப் பாட்டு எங்க போச்சு பவளம்?" என்று சீனியம்மா கேட்டாள்.

"உள்ளதான் இருக்கு மதினி. படுத்தா நெஞ்சுல தட்டுது."

"வெளிய வருமா?"

"தெரியலை. அதுக்காக நான் வாயைத் திறந்து பாக்கலை."

சீனியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். நத்தம் பஸ் உள்ளே வந்து திரும்பியது, கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கத்தினான். அவள் எழுந்து, பையை வாங்கிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள்.

"நான் நடுவுல நிறுத்திட்டேன்ல" என்றாள். "எனக்கும் மிச்சத்தைக் கேக்கணும்னு இருக்கு பவளம்." சொன்னதைத் தன் காதாலேயே கேட்டவள், தான்தான் சொன்னோமா என்று திகைத்தவள்போல, ஏறாமல், இறங்காமல், கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

பவளக்கொடியின் தொண்டையில் பழைய சூடு ஏறியது. அவள் வாயைத் திறக்கப் போனாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள் சீனியம்மா. ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.